அம்மாவுக்குப் பேச்சுத்துணை: எத்தனை மணி நேரத்துக்குப் பணம் கொடுப்பது?

கேள்வி: அம்மாவுக்கு 76 வயது. அப்பா போய் ஒன்றேகால் வருடம் ஆகிறது. அம்மா தனியாகத்தான் இருக்கிறார். குளிப்பது, உடுத்துவது, சமைப்பது எல்லாம் அவரே. ஆனால் இரண்டு முறை அடுப்பில் பாத்திரத்தை வைத்துவிட்டு மறந்து, அது கருகிவிட்டது. ஒரு நாள் பிரஷர் மாத்திரையை இரண்டு தடவை போட்டுக்கொண்டார். போனில் நான்கு வார்த்தை பேசுவதற்குள் "சரி, சரி" என்று வைத்துவிடுகிறார். டிவி மட்டும் வீடு அதிர ஓடுகிறது. துணைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி ஒன்றில் கேட்டேன். காலை 8 முதல் இரவு 8 வரை, எல்லா நாளும் என்றார்கள். கட்டணம் என் சம்பளத்தில் பாதியை நெருங்குகிறது. பதிவுக் கட்டணமும் ஒரு மாத அட்வான்ஸும் தனி. தெரிந்தவர் மூலமாக ஒரு பெண், அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு நேரடியாக வருவதாகச் சொல்கிறார். "சும்மா உட்கார்ந்து பேசுவதற்கா இவ்வளவு?" என்கிறார் என் கணவர். அண்ணனோ, "பாதிப் பணம் தருகிறேன், முடிவை நீயே எடு" என்கிறார். அம்மாவைக் கேட்டால், "எனக்கு ஆளெல்லாம் வேண்டாம். சாயங்காலம்தான் வீடு ஒரு மாதிரி இருக்கு, மத்தபடி நான் நல்லாத்தான் இருக்கேன்" என்கிறார். நான் என்ன செய்யட்டும்?

பதில்:

பாதி விடையை அம்மாவே சொல்லிவிட்டார். "சாயங்காலம்தான் வீடு ஒரு மாதிரி இருக்கு." நீங்கள் அதைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் அந்த வரிதான் முக்கியம். ஏஜென்சி 12 மணி நேரத்துக்கு விலை சொல்கிறது. ஆள் வேண்டாம் என்கிற அம்மா, தன்னையறியாமல் இரண்டு மூன்று மணி நேரத்தைக் கேட்டிருக்கிறார். இடையில் இருக்கிற ஒன்பது மணி நேரம் யாருக்காக?

பெரும்பாலும் அது உங்களுக்காக. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அடுப்பு, மாத்திரை இரண்டையும் நினைத்து உங்களுக்குப் பயம். பக்கத்தில் இல்லையே என்ற உறுத்தலும் இருக்கும். பிள்ளைகளுக்கு இது வருவதுதான். ஆனால் உங்கள் பயத்தைத் தீர்க்கிற செலவு வேறு, அம்மாவின் தனிமையைத் தீர்க்கிற செலவு வேறு. இரண்டையும் ஒரே பில்லில் போட்டால்தான் கையைக் கடிக்கிறது.

ஆள் தேடுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். அம்மாவின் காதைப் பரிசோதியுங்கள். டிவி வீடு அதிர ஓடுகிறது, போனில் "சரி, சரி" என்று வைத்துவிடுகிறார் என்று அடுத்தடுத்த வரியில் எழுதியிருக்கிறீர்கள். பேசப் பிடிக்காமல் வைக்கிறார் என்று நீங்கள் நினைக்கலாம். பேசுவது கேட்காமல் வைக்கிறாரோ என்று எனக்குத் தோன்றுகிறது. 60 வயதைத் தாண்டியவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேல், அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கிற அளவுக்குக் காது மந்தம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சிலருக்குக் காதில் அடைத்திருக்கும் அழுக்கை எடுத்தாலே பாதி தெளிந்துவிடும். காது கேட்காதவருக்குப் பேச்சுத்துணை வைப்பது, கண்ணாடி வாங்கித் தராமல் புத்தகம் வாங்கித் தருவது மாதிரி. கருவி வேண்டியிருந்தாலும் பெரிய செலவு ஒரு முறைதான், சம்பளம் மாதிரி மாதாமாதம் வருவதில்லை.

அதே கையோடு மறதியையும் டாக்டரிடம் சொல்லுங்கள். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி வரும், இவற்றுக்கு வைத்தியம் உண்டு. துணையை இழந்து ஒன்றேகால் வருடம்தான் ஆகிறது என்பதை மறக்காமல் சொல்லுங்கள். போட்டுக்கொள்ளும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். மாத்திரையே மறதியை உண்டாக்குவதும் உண்டு.

சரி, இப்போது ஆள் விஷயம்.

வீட்டுக்கு வருகிற உதவியில் மூன்று படி இருக்கிறது, மூன்றுக்கும் மூன்று விலை. கூட இருந்து பேசுவது, வெளியே அழைத்துப் போவது, மாத்திரையை நினைவூட்டுவது, சின்னச் சின்ன வேலையில் கைகொடுப்பது முதல் படி. பேச்சுத்துணை என்பது அதுதான். குளிப்பாட்டுவது, உடுத்திவிடுவது, கழிப்பறைக்குக் கைத்தாங்கலாக அழைத்துப் போவது இரண்டாவது. ஊசி, புண்ணுக்குக் கட்டு, குழாய் வழி உணவு என்று நர்ஸ் செய்யவேண்டியது மூன்றாவது. அம்மாவுக்கு எந்தப் படி என்பது தெரியாமல் விலை பேச உட்காரக் கூடாது.

இதற்கு எங்கள் முதியோர் பராமரிப்புத் துறையில் பழைய அளவுகோல்கள் இரண்டு உண்டு. சிட்னி கேட்ஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1963-இல் கொடுத்தது ஒன்று. குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போவது, படுக்கையிலிருந்தும் நாற்காலியிலிருந்தும் எழுவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, தானே சாப்பிடுவது என ஆறு கேள்வி. 1969-இல் லாட்டன், பிரோடி என்ற ஆய்வாளர்கள் இருவரும் கொடுத்தது மற்றொன்று. போன் பேசுவது, கடைக்குப் போவது, சமைப்பது, வீட்டைக் கவனிப்பது, துணி துவைப்பது, வெளியே பயணம் போவது, மாத்திரையைச் சரியாகப் போட்டுக்கொள்வது, பணத்தைக் கையாள்வது என எட்டு. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், முதல் பட்டியலில் அம்மாவுக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டாவதில் மாத்திரை, சமையல், போன் ஆகிய மூன்றில் இடறுகிறார், அதிலும் போன் காதுப் பிரச்சினையாக இருக்கலாம். இப்படி இருப்பவருக்கு 12 மணி நேர ஆள் தேவையில்லை. முதல் பட்டியலில் ஒன்று இரண்டு விழ ஆரம்பிக்கும்போது பேச்சுத்துணை மட்டும் போதாது. அப்போது கணக்கே மாறும்.

அடுப்புக்கும் மாத்திரைக்கும் ஆள் வைப்பதுதான் இருப்பதிலேயே செலவு கூடின வழி. ஏழு நாளும் வேளைவாரியாகப் பிரித்த மாத்திரைப் பெட்டி ஒன்று வாங்குங்கள். வாரம் ஒரு நாள் ஒருவர் நிரப்பிவைத்தால் போதும். போட்டாச்சா இல்லையா என்ற சந்தேகம் வந்தால் அந்த அறையைத் திறந்து பார்த்துக்கொள்வார், இரண்டாம் முறை போடுகிற பிசகு பெரும்பாலும் இதோடு நின்றுவிடும். அடுப்புக்குத் தானாக அணைகிற வகை இருக்கிறது, நேரம் வைத்தால் மூடுகிற வால்வும் இருக்கிறது. விழுவதைப் பற்றிய பயமும் உங்களுக்கு உள்ளூர இருக்கும். 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் வருடத்தில் ஒரு முறையாவது விழுகிறார்கள் என்பதால் அது நியாயமான பயம்தான். ஆனால் ஆள் பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தாலும் விழுவதைத் தடுக்க முடியாது. குளியலறையில் கைப்பிடி, இரவில் எரிகிற சின்ன விளக்கு, சுருண்டு கிடக்கும் தரைவிரிப்பை எடுத்துவிடுவது, கழுத்தில் மாட்டிக்கொள்ளும் அவசர பொத்தான் ஆகியவை எல்லாம் சேர்ந்தாலும் மாதச் சம்பளம் அளவுக்கு வராது.

இப்போது கணக்கு. ஏஜென்சி சொன்னது வாரத்துக்கு 84 மணி நேரம். சாயங்காலம் 5 முதல் 8 வரை, வாரத்தில் ஐந்து நாள் என்றால் 15 மணி நேரம். மாத்திரைப் பெட்டியை நிரப்ப, வங்கிக்கோ டாக்டரிடமோ கூடப் போக, ஒரு நாள் காலையில் 2 மணி நேரம். ஆக 17. குறைந்த நேரத்துக்கு வருபவர்கள் மணிக்குக் கூடுதலாகக் கேட்பார்கள், வந்துபோகிற நேரமும் அவர்களுக்குச் செலவுதானே. ஒன்றரை மடங்கு கேட்டாலும் 25 மணி நேரத்துக்குச் சற்று மேலான கணக்குதான் வரும். 84-இல் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

ஏஜென்சிக்காரர்கள் சொல்லும் மாத விலையை வைத்து ஒன்றும் தெரியாது. குறைந்தபட்சம் எத்தனை மணி நேரம் எடுக்கவேண்டும் என்று கேளுங்கள். பல இடங்களில் இத்தனை மணிக்குக் குறைந்து ஆள் அனுப்ப மாட்டார்கள். ஞாயிறு, விடுமுறை நாள், இரவு எல்லாவற்றுக்கும் வேறு விலையா? ஆள் லீவு போட்டால் மாற்று ஆள் வருவாரா, வராத நாளுக்குப் பணம் பிடிப்பீர்களா? அம்மா மருத்துவமனையில் பத்து நாள் இருந்தால் அந்த நாளுக்கும் கட்டணமா? நிறுத்துவதென்றால் எத்தனை நாளுக்கு முன் சொல்லவேண்டும், அட்வான்ஸ் எப்போது திரும்பும்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் அம்மா இறந்துபோன பிறகும், முன்னறிவிப்புக் கொடுக்கவில்லை என்று ஒரு மாதக் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஒப்பந்தத்தில் ஆறாவது பக்கத்தில் அது இருந்தது. சண்டை போடுகிற நிலையில் யாரும் இல்லை.

இன்னொரு கேள்வி இருக்கிறது, அதைக் கேட்கக் கூச்சப்படுவார்கள். நீங்கள் கொடுக்கிற 100-இல் வருகிறவர் கைக்கு எவ்வளவு போகிறது? ஏஜென்சிக்குப் பங்கு வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஆளைச் சரிபார்ப்பது, பயிற்சி, லீவுக்கு மாற்று ஆள், தகராறு வந்தால் பொறுப்பேற்பது எல்லாம் அவர்கள் வேலை, அதற்குச் செலவு உண்டு. ஆனால் வேலை செய்பவருக்கு ரொம்பக் குறைவாகப் போனால் அவர் நிலைக்க மாட்டார். மூன்று மாதத்துக்கு ஒரு புது முகம் வரும். பேச்சுத்துணைக்கு அதைவிடக் கேடு வேறில்லை. ஒவ்வொரு முறையும் அம்மா, தனக்கு எத்தனை பிள்ளைகள், கணவர் என்ன செய்தார் என்று முதலிலிருந்து சொல்லவேண்டும். மூன்றாவது ஆள் வரும்போது சொல்வதையே நிறுத்திவிடுவார். அதனால் விலை கொஞ்சம் கூடினாலும், ஒரே ஆளை வருடக்கணக்கில் வைத்திருக்கிற ஏஜென்சியையே எடுங்கள். "இப்போது உங்களிடம் இருப்பவர்கள் சராசரியாக எவ்வளவு நாளாக இருக்கிறார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள், முகத்திலேயே பதில் தெரியும்.

நேரடியாக வரச் சம்மதிக்கிற பெண்ணைப் பற்றி. எனக்கு அதில் விருப்பம்தான், ஒரு நிபந்தனையோடு. நேரடியாக வைத்தால் நீங்கள் முதலாளி. மூன்றில் ஒரு பங்கு மிச்சம் என்று தெரிவது முழுக்க மிச்சமில்லை. ஏஜென்சி சுமந்த வேலையில் பாதி இப்போது உங்கள் தலையில். அவருக்கு லீவு உண்டு, காய்ச்சல் வரும், அவர் வீட்டிலும் கல்யாணம் கருமாதி இருக்கும். அன்றைக்கு யார்? வேலை நேரத்தில் அவர் வழுக்கி விழுந்தால் வைத்தியச் செலவு யாருடையது? உங்கள் இடத்துச் சட்டப்படி முதலாளி செலுத்தவேண்டிய பங்களிப்பு ஏதாவது உண்டா? இவற்றுக்காகச் சம்பளத்தில் ஆறில் ஒரு பங்கையாவது தனியாக எடுத்துவையுங்கள், இது என் அனுபவக் கணக்கு. அவருடைய அடையாள அட்டையின் நகல், முன்பு வேலை பார்த்த இரண்டு வீடுகளின் போன் எண் வாங்குங்கள். அந்த வீடுகளுக்கு நீங்களே பேசுங்கள். "நல்லவரா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் நல்லவர் என்றுதான் சொல்வார்கள். "ஏன் நின்றார்?" என்று கேளுங்கள்.

யாராவது, "ஒரேயடியாகக் கூடவே தங்குகிற ஆளை வைத்துவிடுங்கள், மலிவு" என்று சொன்னால் யோசித்துச் செய்யுங்கள். வாரத்தில் 168 மணி நேரம் இருக்கிறது. எட்டு மணி நேர ஷிப்ட் என்று வைத்தால் 21 ஷிப்ட், ஒருவர் ஆறு ஷிப்ட் பார்த்தாலும் நான்கு பேர் வேண்டும். அந்த நான்கு பேர் வேலையை ஒருவர் தலையில் கட்டினால்தான் மலிவாகத் தெரிகிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011-இல் வீட்டுப் பணியாளர்களுக்கென்றே 189-ஆம் எண் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. வாரத்துக்குத் தொடர்ந்து 24 மணி நேரமாவது ஓய்வு என்பது அதில் இருக்கிறது. கூப்பிட்டால் எழுந்து வரவேண்டிய நிலையில் காத்திருக்கும் நேரத்தையும், அந்தந்த நாட்டுச் சட்டம் சொல்லும் அளவுக்கு, வேலை நேரமாகவே கொள்ளவேண்டும் என்கிறது. சட்டம் இருக்கட்டும். இரவில் நான்கு முறை எழுந்தவர் மறுநாள் காலையில் எப்படிச் சிரித்துப் பேசுவார்? உங்கள் அம்மாவுக்கு இப்போது இரவில் ஆள் தேவையும் இல்லை.

இனி உங்கள் கணவர் கேட்டதற்கு வருகிறேன். "சும்மா உட்கார்ந்து பேசுவதற்கா?" கோபப்படாதீர்கள், கேட்கவேண்டிய கேள்விதான். சும்மா உட்கார்ந்திருக்கப் பணம் கொடுக்கிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். ஒரு வீட்டில் 82 வயதுப் பாட்டி, காலையிலிருந்து ராத்திரி வரை ஆள். நான் போனபோது மத்தியானம் மூன்று மணி. பாட்டி நாற்காலியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். துணைக்கு வந்த பெண் பாட்டிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து, சத்தமில்லாமல் போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். அவரையும் குற்றம் சொல்ல மாட்டேன். 12 மணி நேரம் யாரால் பேசிக்கொண்டே இருக்க முடியும்? ஒன்பது மணிக்கெல்லாம் பேச்சு தீர்ந்துபோயிருக்கும்.

இன்னொரு வீட்டில் வாரத்துக்கு மூன்று நாள், இரண்டிரண்டு மணி நேரம். அந்த அம்மாள் பழைய தையற்காரர், கண் மங்கிவிட்டது. வருகிற பெண் ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பார். பத்துப் பன்னிரண்டு ஊசிகளில் வெவ்வேறு நிறத்தில் நூல் கோத்து ஒரு சின்னத் தலையணையில் குத்தி வைத்துவிட்டுப் போவார். அவர் வராத நாளில் அந்த அம்மாள் அவற்றை எடுத்துத் தைப்பார். நூல் தீர்ந்த ஊசிகளைத் தனியாக வைத்திருப்பார், அடுத்த நாள் காட்டுவதற்கு. வாரத்துக்கு ஆறு மணி நேரத்துக்குத்தான் பணம். வராத நான்கு நாளையும் அந்த ஊசிகள் பார்த்துக்கொண்டன. உங்கள் அம்மாவுக்கு அப்படி ஒன்று என்ன என்று யோசியுங்கள். ஆளைத் தேர்ந்தெடுக்கும்போதும் படிப்பைவிட, அனுபவச் சான்றிதழைவிட, அதில் அவருக்கு ஆசை இருக்கிறதா என்று பாருங்கள்.

அண்ணன் விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். பாதிப் பணம் தருகிறார், நல்லது. ஆனால் ஆளைத் தேடுவது, அவர் வராத நாளில் போன் போட்டுப் பேசுவது, சம்பளக் கணக்கு, டாக்டர் தேதி எல்லாம் உங்கள் பக்கம் விழப்போகிறது. அதுவும் பங்குதான். அதைச் சொல்லி, அவர் ஐந்தில் மூன்று பங்கு தரட்டும், அல்லது ஆள் லீவு போடுகிற நாட்களுக்கு அவர் பொறுப்பேற்கட்டும். இப்போதே பேசுங்கள், ஒரு வருடம் கழித்துப் பேசினால் சண்டையாகும். அம்மாவிடம் பென்ஷனோ சேமிப்போ இருந்தால் அவரிடமும் கேளுங்கள். பெற்றவர் பணத்தைத் தொடுவதா என்று பிள்ளைகள் தயங்குவார்கள். தன் பணத்தில் வருகிற ஆள் என்றால் அவருக்கு அதிகாரம் இருக்கிறது, பிடிக்காவிட்டால் நிறுத்தச் சொல்லலாம். பிள்ளைகள் செலவில் வரும் ஆளை அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்வார்.

"ஆளெல்லாம் வேண்டாம்" என்பதற்கு அர்த்தம் பல. காவல் போடுகிறார்கள் என்ற எண்ணம் இருக்கலாம். பிள்ளைகளுக்குச் செலவு வைக்கிறோமே என்ற சங்கடம் இருக்கலாம். தன் சமையலறையில் இன்னொருத்தி கை வைப்பதா என்ற கோபமும் இருக்கலாம், அது எனக்கு மிகவும் பிடித்த கோபம். அதனால் "உங்களைப் பார்த்துக்கொள்ள" என்று சொல்லாதீர்கள். நான்கு வாரம் பார்ப்போம், பிடிக்காவிட்டால் நிறுத்திவிடலாம் என்று சொல்லுங்கள், சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். நேரத்தை அம்மாவே முடிவு செய்யட்டும். இரண்டு பேரைப் பார்த்து ஒருவரை அவரே தேர்ந்தெடுத்தால் இன்னும் நல்லது.

பண விஷயத்தில் முதல் நாளே ஒரு ஒழுங்கு வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு பக்கத்துக்கும் அது பாதுகாப்பு. கடைச் செலவுக்குச் சின்னத் தொகை ஒரு டப்பாவில், பக்கத்தில் ஒரு நோட்டு. வாங்கியதும் எழுதி ரசீதை உள்ளே வைக்கவேண்டும். வங்கி அட்டை, அதன் ரகசிய எண், பீரோ சாவி ஆகியவை அவர் கைக்குப் போகக் கூடாது. அவர் கடன் கேட்டால் அம்மாவிடம் கேட்காமல் உங்களிடம் கேட்கட்டும். அதே நோட்டில் கடைசிப் பக்கத்திலிருந்து, அன்றைக்கு என்ன செய்தார்கள் என்று இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். ஆறு வாரம் கழித்து அந்த இரண்டு வரிகளைப் படித்துப் பார்த்தால், நேரத்தைக் கூட்டவேண்டுமா குறைக்கவேண்டுமா என்பது தெரிந்துவிடும். தினமும் "நன்றாக இருந்தார்" என்று மட்டும் இருந்தால் ஆளை மாற்றவேண்டும்.

ஆள் வருகிற முதல் சாயங்காலம் நீங்களும் அங்கே இருங்கள். முதல் அரைமணி நேரம் நீங்கள்தான் பேசவேண்டியிருக்கும், பரவாயில்லை. அப்புறம் துணி மடிக்கவேண்டும் என்று ஏதாவது சொல்லிவிட்டு உள் அறைக்குப் போய்விடுங்கள். கதவைச் சாத்தாதீர்கள். டிவியின் சத்தத்தை யாராவது குறைக்கிறார்களா என்று கேட்டுக்கொண்டிருங்கள்.